இரண்டு விடுதிக்கும் ஒரே மாஸ்டர்

டான்ஸ் மாஸ்டர் வேலையில் ஆடுவது பிள்ளைகள், மாட்டிக்கொண்டு முழிப்பது நாம். ஊரார் பெற்ற பிள்ளைகளை மேய்த்துச் சோறு தின்னும் என் சக பாவிகளே, நீங்கள் டியூஷன் எடுப்பவராக இருக்கலாம், பள்ளி வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குபவராக இருக்கலாம். நான் படும் பாடு உங்களுக்குச் சொல்லாமலே புரியும். என் பெயர் ஸ்டெல்லா, ஊர் சேலம். பதினைந்து வருஷமாகச் சேலம், நாமக்கல் பக்கத்துக் கல்லூரிகளுக்கு ஆண்டு விழா ஆட்டம் சொல்லிக்கொடுத்து, பொம்பளையாக இருந்தும் ஊருக்கெல்லாம் ‘மாஸ்டர்’ ஆகிவிட்டேன். திருச்செங்கோடு பக்கத்தில் ஓர் இன்ஜினியரிங் கல்லூரியில் போன வருஷம் நான் பட்டதை இங்கே கொட்டித் தீர்க்கிறேன்.

காலுக்குத் தடை இல்லை

அந்தக் கல்லூரியில் பையன்களுக்கு இரண்டு விடுதி. கிழக்கு விடுதியில் சேலம் டவுன், ஆத்தூர் பக்கத்துப் பையன்கள். மேற்கு விடுதியில் நாமக்கல், எடப்பாடி பக்கத்துப் பையன்கள். இப்படிப் பிரித்த புண்ணியவான் எங்கிருந்தாலும் நன்றாக இருக்கட்டும். மெஸ்ஸில் சாம்பார் வாளி முதலில் எந்த மேஜைக்கு வருகிறது என்பதில் ஆரம்பித்து எல்லாவற்றிலும் போட்டி. ஓர் ஆண்டு விழாவில் இரண்டு விடுதியும் ஒரே சினிமாப் பாட்டை எடுத்துவிட்டு, எங்கள் பாட்டு, உங்கள் பாட்டு என்று நாற்காலியைத் தூக்கிக்கொண்டார்கள். முதல்வர் மறுநாளே பாட்டு, ஸ்பீக்கர் இரண்டுக்கும் தடை போட்டார்.

பையன்கள் சும்மா இருப்பார்களா? எங்கோ அமெரிக்காவில் கல்லூரி மாணவர்கள் பாட்டே இல்லாமல், காலால் தரையை மிதித்து, கையால் தொடையைத் தட்டி, வரிசையாக நின்று ஆடுவதைப் போனில் பார்த்திருக்கிறார்கள். இரண்டு விடுதியும் அதைப் பிடித்துக்கொண்டன. மாடியில் இவர்கள் மிதித்த மிதியில், கீழே ஆபீஸில் இருந்த தண்ணீர் டம்ளர் தானாக நகர்ந்து மேஜை ஓரத்துக்கு வந்துவிட்டதாம். இதையும் தடை செய்யுங்கள் என்று ஆபீஸ் சூப்பிரண்டு ஓடிப்போய்க் கேட்க, முதல்வர் சொன்னார்: “பாட்டுக்குத்தானய்யா தடை போட்டேன். காலைக் கழற்றி வாட்ச்மேன் கிட்ட குடுத்துட்டு உள்ள வாங்கன்னு சொல்ல முடியுமா?”

கையெழுத்தும் கற்பூரமும்

ஆளுக்கொரு மாஸ்டர் வைத்தால் மாஸ்டர்களும் சண்டை போடுவார்கள் என்று கல்லூரி பயந்ததால், இரண்டு விடுதிக்கும் நான் ஒருத்திதான். காலை ஆறரை மணிக்குக் கூடைப்பந்து மைதானத்தில் கிழக்கு. சாயங்காலம் ஐந்து மணிக்கு மெஸ்ஸுக்குப் பின்னால் மேற்கு. அதோடு முதல்வர் ஒரு கடிதத்திலும் என்னிடம் கையெழுத்து வாங்கினார். இந்த வருஷம் விழாவில் அடிதடி நடந்தால் ஆட்டப் போட்டிக்கு அன்றோடு மூடுவிழா, நானும் அந்தக் கல்லூரி கேட்டைத் தாண்டக் கூடாது. வருஷத்தில் பாதி நாள் எனக்கு அந்தக் கல்லூரியை நம்பித்தான் ஓடுகிறது. சிரித்துக்கொண்டே கையெழுத்துப் போட்டேன்.

கிழக்கின் கேப்டன் பிரான்சிஸ், செவ்வாய்ப்பேட்டைப் பையன். ஞாயிற்றுக்கிழமை சர்ச் பூசையில் எனக்கு முன் பெஞ்சு. “எங்க ஸ்டெப்ப அவனுங்களுக்குச் சொல்லமாட்டீங்கன்னு தெரியும் மாஸ்டர். சொன்னாலும் பாவசங்கீர்த்தனத்துக்கு நம்ம கோயிலுக்குத்தானே வரணும்?” என்று சிரித்தே மிரட்டினான். மேற்கின் கேப்டன் கவின், நாமக்கல் கோழிப்பண்ணை வீட்டுப் பையன். அவனுக்கு இந்த வாய்வார்த்தையெல்லாம் போதாது. ஒரு தட்டில் கற்பூரத்தை ஏற்றி நீட்டி, மேற்கின் ஆட்ட அடி மேற்கைத் தாண்டாது என்று அணைத்துச் சத்தியம் செய்யச் சொன்னான். நான் வேதக்காரி, இது எனக்குச் செல்லுமா தம்பி என்று நழுவப் பார்த்தேன். நான் அணைக்கும்வரை அவன் தட்டை நகர்த்தவே இல்லை: “கற்பூரத்துக்கு அதெல்லாம் தெரியாதுங்க மாஸ்டர். அல்லாருக்கும் ஒரே மாதிரித்தானுங்க சுடும்.”

கோழி மிரளாத தட்டு

விழாவுக்கு ஒரு வாரம் முன்னால் கவினின் அப்பா மகனைப் பார்க்க வந்தார். இருபது பையன்கள் புழுதி பறக்க மிதிப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க மாஸ்டரம்மா, ஊட்டுக்குக் காங்கிரீட் போட்டப்ப இவன ஒரு கை புடிக்கக் கூப்புட்டனுங்க. கால் வலிக்குதுன்னு படுத்துக்கிட்டானுங்க” என்றார். கவினுக்கு முகம் சுண்டிவிட்டது.

மேற்கின் ஆட்டத்துக்கு முடிவு அமையாமல் நான் தவித்துக்கொண்டிருந்த நேரம் அது. பேச்சு வாக்கில் அவர் பண்ணைக் கதை சொன்னார். ஷெட்டுக்குள் திடுதிப்பென்று நுழைந்தால் கோழி மிரளுமாம், மிரண்டால் முட்டை குறையுமாம். அதனால் கதவில் மெதுவாக இரண்டு தட்டு, ஒரு மூச்சு நிறுத்தம், பிறகு ஒரே ஒரு கைதட்டு; அப்புறம்தான் உள்ளே கால் வைப்பாராம். மெஸ் கதவில் தட்டியே காட்டினார். மூன்று நிமிஷம் இடி மாதிரி மிதித்துவிட்டு இந்த இரண்டு தட்டில் முடித்தால் சபை அப்படியே சொக்கிப்போகும் என்று எனக்குப் புல்லரித்தது. கதவுக்குப் பதிலாக இடது காலால் தரையில் இரண்டு தட்டு என்று மாற்றி, அன்றே பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தேன். ஒரு வாரம் தினமும் ஐம்பது தடவையாவது தட்ட வைத்திருப்பேன். கிளம்பும்போது அவர் என்னிடம் தனியாகக் கேட்டார்: “ஏனுங்க, ஆறாயிரம் கோழிக்குத் தெரிஞ்சத இவனுங்களுக்குச் சொல்லிக்குடுக்கறதுக்கு மாஸ்டரு வேணுமுங்களா?”

விழா நாள் காலை

கிழக்கின் முடிவு வேறு மாதிரி. ஒருவன் மற்ற இருவர் தோளில் ஏறி நிற்க வேண்டும். ஏற வேண்டியவன் விழா நாள் காலையில் குளியலறையில் வழுக்கி, கணுக்கால் வீங்கி உட்கார்ந்துவிட்டான். பத்தொன்பது பேர் என் முகத்தையே பார்க்கிறார்கள். மேடை ஏற இன்னும் எட்டு மணி நேரம்கூட இல்லை. பதற்றத்தில் அப்படியும் இப்படியும் நடந்தேன். என் இடது கால் தானாக இரண்டு தட்டு தட்டியது, நின்றது, கை ஒரு தட்டு தட்டியது.

சக பாவிகளே, சத்தியமாகச் சொல்கிறேன், அது எங்கிருந்து வந்தது என்று எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு வாரமாகக் காலில் ஊறிப்போன அடி. நானே அந்த நிமிஷம் கண்டுபிடித்ததாக நினைத்துப் பூரித்துப்போனேன். அரை மணியில் பையன்களும் பிடித்துக்கொண்டார்கள். பிரான்சிஸ் என் கையைப் பிடித்துக் குலுக்கினான்: “மாஸ்டர், கடைசி நாள் வரைக்கும் இத எங்களுக்காகவே மறைச்சு வெச்சிருந்தீங்கள்ல?”

மைக்கைப் பிடித்தேன்

சாயங்காலம் முதல் ஆட்டம் கிழக்கு. முதல் வரிசையில் பெற்றோர், நடுவில் கவினின் அப்பா இரும்பு நாற்காலியில். கிழக்குப் பையன்கள் பிரமாதமாக ஆடினார்கள். முடிவு வந்தது. டக், டக். நிறுத்தம். பளார் என்று ஒரே கைதட்டு. அது மேற்கின் அடி என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது. “எங்க அடிய ஒட்டுக் கேட்டுத் திருடிப்போட்டானுங்க!” என்று மேற்கு மொத்தமும் எழுந்தது. நாற்காலிகளும் எழுந்தன. முதல்வர் கூட்டத்தைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்தார்.

பேசாமல் இருந்துவிடலாமா என்று ஒரு நொடி தோன்றியது உண்மை. ஆனால் பிரான்சிஸ் மேடையில் நின்றுகொண்டு எதுவும் புரியாமல் விழிப்பதைப் பார்த்ததும் மனசு கேட்கவில்லை. மைக்கைப் பிடித்தேன். “யாரும் திருடலை. மேற்கோட அடியை இன்னைக்குக் காலையில நான்தான் நினைப்பில்லாம இவங்களுக்குச் சொல்லிக்கொடுத்துட்டேன். தப்பு என்னோடது” என்றேன். அடங்குவார்கள் என்று பார்த்தால் இரண்டு பக்கமும் என் மேல் திரும்பிவிட்டது. “கற்பூரம் அணைச்சீங்களே மாஸ்டர்!” என்று கவின் கீழே இருந்து கத்துகிறான். “அவனுங்க மிச்சத்தையா எங்களுக்குப் போட்டீங்க?” என்று பிரான்சிஸ் மேடையிலிருந்து குதிக்கிறான். அந்த இரண்டு விடுதியும் ஒன்றாகச் சேர்ந்து நான் பார்த்தது அன்றுதான். எனக்கு எதிராக.

அப்போது முன்வரிசையில் ஒரு சத்தம். கவினின் அப்பா பக்கத்து நாற்காலியின் இரும்புச் சாய்வில் மோதிரம் போட்ட விரலால் ஓங்கி இரண்டு தட்டு தட்டினார். டக், டக். ஒரு மூச்சு நிறுத்தம். அடுத்த கணம் முப்பத்தொன்பது பேரும் பளார் என்று கைதட்டினார்கள்! ஒரு வாரம் ஊறிய கையும் அரை மணி ஊறிய கையும் ஒரே மாதிரி ஏமாந்தன. தூக்கிய நாற்காலிகளைக் கைதட்டுவதற்காக எல்லாரும் கீழே போட்டிருந்தார்கள். தங்கள் கையைத் தாங்களே பார்த்துக்கொண்டு திருதிருவென்று முழித்தபடி நின்றார்கள். எங்கோ ஒருவன் சிரித்தான், கவின் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான், பிரான்சிஸ் தரையிலேயே உட்கார்ந்து சிரித்தான். “நாற்காலி கெடக்குதில்ல, எடுத்துப் போட்டு உக்காருங்க சாமி” என்றார் அவர், ஒன்றுமே நடக்காத மாதிரி.

அதற்கப்புறம் மேற்கு ஆடியது. அதே அடியில்தான் முடித்தார்கள். அந்தக் கடைசிக் கைதட்டை மட்டும் கீழே இருந்து கிழக்கும் சேர்ந்து போட்டது. பரிசைப் பாதியாகப் பிரித்தார்கள். யாருக்கும் திருப்தி இல்லை, ஆனால் யாருக்கும் அடியும் படவில்லை. முதல்வர் என் கடிதத்தைப் பையிலிருந்து எடுத்தார். அதை இரண்டாகக் கிழித்து என் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னார்: “அடுத்த வருஷமும் நீங்களே வாங்க மாஸ்டர். வரும்போது அந்தக் கோழிக்காரரையும் கையோட கூட்டிட்டு வந்துடுங்க.”

பதினைந்து வருஷம் கூட்டத்தை எழுந்து ஆடவைக்கத்தான் நான் கற்றேன். அதே கூட்டத்தை உட்காரவைக்கும் வித்தையை நாமக்கல் கோழிகளுக்குப் பிறகுதான் தெரிந்துகொண்டேன்.