முத்தையா அண்ணாச்சியின் கவாத்து இயந்திரம்

முத்தையா அண்ணாச்சி போய்விட்டார் என்று எதிர்த்த எஸ்.டி.டி. பூத்துக்காரர் வந்து சொன்னபோது, என் சேரன்மகாதேவிப் பட்டறையில் நான் அவருடைய இயந்திரத்துக்குத்தான் கத்தி தீட்டிக்கொண்டிருந்தேன். மறுநாள் அது இன்னொரு தோட்டத்துக்குப் போக வேண்டியது. நெஞ்சுவலியாம், எலுமிச்சைத் தோட்டத்திலேயே விழுந்துவிட்டார். எனக்குத் துக்கத்துக்கு முன்னால் பயம்தான் வந்தது. அது ஏன் என்று அவரை அறிந்தவர்களுக்குச் சொல்லியாக வேண்டும்.

கடையம் பக்கம் கவாத்து முடிந்தால் வெட்டிய கொப்புகளை முள்ளோடு குவித்துத் தீ வைப்பதுதான் வழக்கம். அதைப் பார்த்து வயிறெரிந்தவர் அண்ணாச்சி. "மரம் தந்ததை மரத்துக்குக் குடுக்காம கரியாக்குதோம் வே" என்பார். ஒருநாள் டிராக்டரோடு பட்டறைக்கே வந்துவிட்டார். "இதுக்குப் பின்னால மாட்டுத மாதிரி ஒண்ணு செய்யும். முள்ளைக் கையால தொடக்கூடாது. அதுவே வாரணும், அதுவே நறுக்கணும்."

இரண்டு வருஷம் மல்லுக்கட்டினோம். வாரும் பற்கள் கல்லையும் சேர்த்து அள்ளின, கத்திகள் முறிந்தன. பழைய லாரியின் வில்பட்டையை அறுத்துக் கத்தி அடித்த பிறகுதான் வழிக்கு வந்தது. முதன்முதலாகக் கொப்பெல்லாம் நறுங்கிச் சிராயாகப் பறந்து விழுந்தபோது அண்ணாச்சி ஒரு கை அள்ளி முகர்ந்து பார்த்துச் சிரித்தார். லேசில் சிரிக்கிற மனிதர் இல்லை.

பிறகு இயந்திரம் தோட்டம் தோட்டமாகப் போனது. ஈரம் நிற்கும், சிராயைத் தண்டை ஒட்டிக் குவியுங்கள் என்று நாங்களே சொன்னோம். மிஞ்சியதை அடுத்த தோட்டத்துக்கு ஏற்றிப் போனோம்.

இந்த ஐப்பசி மழைக்குப் பிறகு அவர் தோட்டத்தில் ஒரு மரம் நுனியிலிருந்து காய்ந்தது. பிறகு அந்த வரிசை முழுக்க. என்னைக் கூட்டிப்போய்ச் சிராயை விலக்கிக் காட்டினார். அடித்தண்டில் பிசின் வடிந்திருந்தது. விரல் வைத்தால் பட்டை கழன்று வந்தது.

"ஊர்க்காரன் என்ன கோட்டிக்காரனா வே, எரிச்சதுக்கு? நோவு புடிச்ச கொப்பையும் சேத்துல்லா நறுக்கியிருக்கோம். எல்லார்ட்டயும் சொல்லிருவோம்."

நான்தான் தடுத்தேன். உறுதியாகத் தெரியாதே, இந்தக் கவாத்து முடியட்டும் அண்ணாச்சி என்றேன். பட்டறைக்குக் கெட்ட பேர் வந்துவிடும் என்ற பயம்.

"உம்ம பேரு திரும்பி வந்துரும். மரம் வராது வே" என்றார். ஆனாலும் எனக்காகப் பொறுத்தார். பொங்கல் கழித்துச் சொல்வதாக இருந்தோம். மார்கழியிலேயே அவர் போய்விட்டார்.

துஷ்டி கேட்கப் போன பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தேன். சாலையின் இரண்டு பக்கமும் நுனி காய்ந்த எலுமிச்சை மரங்கள். அவர் வீட்டு வாசலில் எல்லாரும் இயந்திரத்தைப் புகழ்ந்தார்கள். நானும் தலையாட்டினேன். அதற்காக வெட்கப்படுகிறேன்.

அவர் சொல்ல நினைத்து என்னால் சொல்லாமல் போன சேதி ஒன்றுதான் இப்போது என்னிடம் மிச்சம். உங்கள் மரத்தடியில் எங்கள் சிராய் கிடந்தால் இன்றே வாரி எரியுங்கள். தண்டில் பிசின் வடிகிறதா என்று பாருங்கள். வடிந்தால், அதைக் கொண்டுவந்தது நாங்கள். தெரிந்தும் வாயை மூடியிருந்தது நான்.