சரசு அக்கா வேனுக்குக் கூரை தூக்கிய கதை

பட்டறைத் தொழிலில் மிகப் பெரிய வேலை எது தெரியுமா? "சின்ன வேலைதான் தம்பி" என்று சொல்லிக்கொண்டு வருகிற வேலை. வெல்டிங் கண்ணாடி மாட்டிய எல்லோரும் இதற்குத் தலையாட்டுவீர்கள்.

ஒரு கை

மலேசியாவில், பாலிங்கில் இருக்கும் எங்கள் பட்டறைக்குச் சரசு அக்கா பழைய வேனோடு வந்ததும் அப்படித்தான். உள்ளே படுக்கை, அடுப்பு எல்லாம் அவரே வைத்துவிட்டார். ஆனால் வீட்டுக்காரர் மணியம் அண்ணன் ஆறடி. முதுகு ஆபரேஷனுக்குப் பிறகு குனியக் கூடாது. இரண்டு வருஷமாக எங்கேயும் போகவில்லையாம்.

"கூரைய வெட்டி மேல எழும்புற மாதிரி செஞ்சு கொடு தம்பி. எனக்கு வலது தோளு சரியில்ல. இடது கை ஒண்ணாலயே தூக்கணும் லா. ஞாயித்துக்கிழமை கடலுக்குப் போறோம்!"

கேஸ்

காரின் பின்கதவைத் தாங்கி நிற்குமே, அந்தக் கேஸ் தண்டு நாலு போடலாம் என்று நினைத்தேன். "கேஸ் போட்டா தானா எழும்பும்கா" என்று பெருமையாகச் சொல்லி அனுப்பினேன். மறுநாள் காலையில் அக்கா சமையல் கேஸ் தோங்கை, முழு சிலிண்டரையே, உருட்டிக்கொண்டு வந்து நிற்கிறார். எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்லை. அவருக்குக் கோபம்.

"நீதானே கேஸ் கேட்ட? பதினாலு கிலோ பத்தாதா?"

இறங்க மாட்டேன்

கூரையை வெட்டித் தண்டுகளைப் பூட்டினோம். கூரையைப் பிடித்திருந்த கொக்கியை எடுத்ததும் கூரை விருட்டென்று எழும்பியது. நானும் என் கூட்டாளி குணாவும் கைதட்டிக் குதித்தோம். அப்புறம்தான் தெரிந்தது, இறங்கவில்லை. தண்டின் பலம் அதிகம். ஆளுக்கொரு பக்கம் வௌவால் மாதிரி தொங்கினோம், அப்போதும் ஒரு சாண்தான் இறங்கியது. அக்கா வேனை ஒரு சுற்று சுற்றி வந்தார்.

"ஏத்த நான் ஒருத்தி போதும். இறக்க தாமான்ல இருக்கிற அத்தனை வீட்டுச் சனத்தையும் கூட்டிட்டுப் போகணுமா?"

கோணல்

தண்டுகளைக் கழற்றிவிட்டுப் படகு இழுக்கிற கை வின்ச் ஒன்றை மாட்டினோம். அதிலிருந்து கப்பிகள் வழியாக நாலு மூலைக்கும் கம்பிக்கயிறு. கைப்பிடியை ஒரு கையால் சுற்றினால் போதும். ஆனால் குணா ஒரு கயிற்றை இரண்டு விரற்கடை கூடுதல் நீளமாக வெட்டித் தொலைத்தான். கூரை ஒரு பக்கம் சாய்ந்து எழுந்தது. மணியம் அண்ணன் எங்கள் முகத்தைப் பார்த்துப் பரிதாபப்பட்டார்.

"விடுங்க தம்பி, மழை பேஞ்சா தண்ணி நல்லா ஓடும் லா."

எலுமிச்சம்பழம்

கயிற்றைச் சரிசெய்து, ஞாயிறு காலை கோயில் வாசலில் பூசை. சக்கரங்கள் எலுமிச்சம்பழத்தை நசுக்கின. எல்லோர் முன்னாலும் அக்கா இடது கையால் சுற்ற, கூரை ஒரு முழம் எழும்பி நின்றுவிட்டது. ஏறிப் பார்த்தால் கப்பிக்குள் ஒரு எலுமிச்சம்பழம்! சக்கரத்துக்கு மட்டும் கொடுத்தால் கூரை கோபித்துக்கொள்ளும் என்று, மிளகாயும் பழமும் கோத்துக் கம்பிக்கயிற்றிலேயே கட்டியிருக்கிறார் அக்கா. கூழாகிப்போனதைத் தோண்டி எடுத்தேன். மறுபடி சுற்றினார். கூரை முழுசாக எழுந்தது.

அண்ணன் கதவோரம் உட்கார்ந்து, மெல்ல உள்ளே நகர்ந்து, எழுந்தார். தலை இடிக்கவில்லை. நிமிர்ந்தே நின்றார். அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். புறப்படக் கூரையை இறக்க வேண்டும் என்றோம். அண்ணன் வெளியே வரவில்லை.

"சரசு, நீ வண்டிய எடு. நான் இப்படியே நின்னுக்கிட்டு வர்றேன்."

ஆக, கூடப் பாடுபடும் கூட்டாளிகளே, ஒரு முதுகு நிமிர இரண்டு முதுகு ஒடிய வேண்டும் என்பதுதான் நம் தொழிலின் விதி.