மூக்கை நம்பி ஓட்டிய முதல் நடை

மினி பஸ் தொழிலில் வருஷத்துக்கு இரண்டே பருவம்: ஜன்னலைத் திற என்று சண்டை வருகிற பருவம், ஜன்னலை மூடு என்று சண்டை வருகிற பருவம். இப்போது நடப்பது இரண்டாவது. சக முதலாளிகளே, கண்டக்டர்களே, விடியுமுன் ஸ்டாப்பில் நின்று எங்களைத் திட்டுகிற பிரயாணிகளே, நாம் எல்லோரும் ஒரே வண்டியில்தான் நடுங்குகிறோம். அதனால் உங்களிடம் மறைக்க எனக்கு ஒன்றுமில்லை.

என்னிடம் இருப்பது ஒரே ஒரு வண்டி. முதலாளியும் நான், கண்டக்டரும் நான். போர்வெல் போடுகிற ரிக் வண்டியோடு பத்து வருஷம் வடக்கே சுற்றிவிட்டு, போதும் என்று ஊர் திரும்பி இதை வாங்கினேன். டிரைவர் ஆரோக்கியசாமி சேலத்துக்காரர், ஞாயிற்றுக்கிழமைப் பூசை தவறாதவர். எருமப்பட்டிக்கு அந்தப் பக்கம் இருக்கிற எங்கள் ஊரிலிருந்து நாமக்கல்லுக்கு ஓட்டுகிறோம். முதல் நடை காலை ஐந்து பத்துக்கு. அதில் நாள் தவறாமல் ஏறுகிறவர்கள் ஆறு பெண்கள். நாமக்கல்லில் ஒரு ஒப்பந்தக்காரரிடம் தெருக் கூட்டும் வேலை. ஆறு மணிக்கெல்லாம் வருகைப் பதிவுக்காக மேஸ்திரியின் போனில் முகத்தைக் காட்டியாக வேண்டும். மாதத்தில் மூன்று நாள் பிந்தினால் வேலை போய்விடும் என்று சொல்லி வைத்திருக்கிறார்கள். ஆறு பேருக்கும் சேர்த்துப் பேசுகிறவர் மாராயி அக்கா. பனி இறங்க ஆரம்பித்ததிலிருந்து, "ஆறுக்குள்ள போயிருமுங்களா?" என்று அவர் கேட்காத நாள் கிடையாது. போயிரும் என்று நான் சொல்லாத நாளும் கிடையாது.

கருவாட்டுக் கூடை

எட்டு மணி நடையில் ஒரு கருவாட்டுக்கார அம்மா ஏறுவார். கார்த்திகை பிறந்துவிட்டால் பாதி வண்டி மாலை போட்டவர்கள். கவிச்சி வாடையே ஆகாது. மீதிப் பாதிக்குச் சளி. மாலை போட்டவர்கள் ஜன்னலைத் திறக்கச் சொன்னார்கள், சளி பிடித்தவர்கள் மூடச் சொன்னார்கள். நான் திறப்பதும் மூடுவதுமாக இரண்டு ஸ்டாப் தாண்டினேன். என் கை வலித்ததுதான் மிச்சம்.

அந்த அம்மா கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு, படியில் நின்றபடி எல்லோரையும் பார்த்துப் பொதுவாகச் சொன்னார்: "தொறந்தாக் குளுருங்குறீங்க, மூடுனாக் கருவாடுங்குறீங்க. பேசி ஒரு முடிவு பண்ணி வைங்க சாமி, நா நாளைக்கு வந்து கேட்டுக்கறேன்."

குல்லாவுக்குள் யார்

குளிர் வந்துவிட்டால் எங்கள் பக்கத்து ஆண்களுக்கு முகம் இருக்காது. குல்லா, அதற்கு மேல் துண்டு, நடுவில் இரண்டு கண். யாரிடம் டிக்கெட் கேட்டோம், யாரிடம் கேட்கவில்லை என்பதே தெரியாது. ஒருநாள் கம்பளி போர்த்திய ஒருவரை "டிக்கெட்டுங்க, டிக்கெட்டுங்க" என்று மூன்று தடவை உலுக்கிவிட்டேன். முதல் இரண்டு தடவையும் கையிலிருந்த டிக்கெட்டைத் தூக்கிக் காட்டினார். மூன்றாவது தடவை துண்டை அவிழ்த்தார். என் மாமனார்.

வண்டியே திரும்பிப் பார்க்க, அவர் நிதானமாகக் கேட்டார்: "ஏனுங்க மாப்ள, பொண்ணையுங் குடுத்துப்போட்டு, டிக்கெட்டும் மூணு எடுக்கோணுமுங்களா?"

சாமி வருது

எங்கள் ஊரில் பெரியவரும் சாமி, கைப்பிள்ளையும் சாமி. மாலை போட்டவர்கள் எந்த ஊரிலும் சாமிதான். இது போதாதென்று, அருள் இறங்கி ஆடினாலும் சாமி வந்துவிட்டது என்போம். மற்ற மாதங்களில் சமாளித்துவிடலாம். மார்கழியில் கண்டக்டருக்குத் தலை சுற்றும்.

ஒரு ஸ்டாப்பில் ஒரு பெண் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, "சித்த இருங்க, சாமி வருது" என்றார். யாரோ மாலை போட்டவர் ஓடி வருகிறார் என்று ஆரோக்கியசாமி இன்ஜினை நிறுத்திவிட்டார். முன்னால் தேர் கீர் வருகிறதோ என்று நான் கீழே இறங்கி ரோட்டைப் பார்த்தேன். பின் சீட்டில் இருந்த வயதான அம்மாக்கள் இரண்டு பேர் அந்தப் பெண்ணுக்குத்தான் அருள் வரப்போகிறது என்று செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டபடி எழுந்து நின்றார்கள். ஒருவர் தன் பையிலிருந்து எலுமிச்சம்பழத்தைக்கூட எடுத்துவிட்டார். ஐந்து நிமிஷம் கழித்து, நாலு வயதுப் பையன் ஒருவன் டவுசரைப் பிடித்துக்கொண்டு வேலி ஓரமாக வந்து சேர்ந்தான்.

அந்தத் தாய் பையனைத் தூக்கி உள்ளே விட்டுவிட்டுச் சொன்னார்: "சாமிக்கு ஒண்ணுக்கு வந்துருச்சுங்க, அதான் நேரமாயிருச்சு."

பஸ்ஸுக்கு முன்னால்

இதுவரை சொன்னதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற சங்கதி. முதல் நடை அப்படியில்லை. கொல்லிமலைப் பக்கமிருந்து பனி இறங்கினால் லைட் போட்டாலும் வெள்ளைச் சுவர்தான் தெரியும். மார்கழி பிறந்த வாரமே ஒருநாள் குளிரில் பேட்டரி இறங்கி, தள்ளி ஸ்டார்ட் செய்து, ஆறே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். ஆறு பேருக்கும் அது முதல் பிந்தல். நாலு நாள் கழித்துப் பனி மூடிவிட்டது. ஆரோக்கியசாமி ஓட்ட மாட்டேன் என்று கையை எடுத்துவிட்டார். நான் வெள்ளைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, போன் லைட்டைப் பின்பக்கமாகக் காட்டியபடி ஒரு கிலோமீட்டர் வண்டிக்கு முன்னால் நடந்தேன். போனில் மேப் போட்டால் என்ன என்று கேட்பீர்கள். அந்த மேப்பில் எங்கள் ரோடே கிடையாது. ஆறு பத்துக்குப் போனோம். இரண்டாவது பிந்தல்.

நான் வியர்த்துப்போய் ஏறியதும், பால் கேனோடு உட்கார்ந்திருந்த ஒருவர் சந்தேகம் கேட்டார்: "நடந்தே போற மனுசனுக்கு எதுக்குங்க பஸ்ஸு?"

பண்ணைப் பிரிவு

நடப்பதை விட்டுவிட்டு வேறு வழி கண்டுபிடித்தேன். எங்கள் ரோட்டில் கண் தெரியாவிட்டாலும் மூக்கு தெரியும். ஊர் தாண்டியதும் ஒரு கோழிப்பண்ணை. அந்த நாற்றம் வந்தால் பண்ணைப் பிரிவு, இடது பக்கம் திரும்ப வேண்டும். அப்புறம் தீவன மில்லின் தவிட்டு வாசம். அதற்கும் அப்புறம் மெயின் ரோடு. நான் படியில் நின்று மோப்பம் பிடித்து, "பண்ணைப் பிரிவு" என்று குரல் கொடுத்து விசில் அடிப்பேன், ஆரோக்கியசாமி திருப்புவார். ஒரு வாரம் ஐந்து ஐம்பத்தைந்துக்கே போய்ச் சேர்ந்தோம். எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் வந்துவிட்டது.

முட்டை வற்றிப்போன கோழிகளை மொத்தமாக விற்று, ஷெட்டைக் கழுவி, சுண்ணாம்பு அடித்துவிட்டார்கள் என்பது எனக்கு எப்படித் தெரியும்? அன்றைக்கு நாற்றமே வரவில்லை. இன்னும் பிரிவு வரவில்லை என்று நேராகப் போய்க்கொண்டே இருந்தோம். மூன்று கிலோமீட்டர் தள்ளி வேறொரு பண்ணையின் நாற்றம் வந்தது. கணீரென்று "பண்ணைப் பிரிவு" என்றேன், ஆரோக்கியசாமி இடது பக்கம் ஒடித்தார். வண்டி அந்தப் பண்ணையின் கேட்டுக்குள் போய், ஷெட்டுக்கு முன்னால் நின்றது. திருப்ப இடமில்லை. பின்னாலேயே ரோடு வரைக்கும் எடுத்து வர இருபது நிமிஷம் ஆனது. மூன்றாவது பிந்தல் என்று ஆறு பெண்களுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

பண்ணைக்காரர் பல் குச்சியோடு வந்து வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முட்ட ஏத்த லாரியத்தானுங்க வரச் சொன்னேன், மினி பஸ்ஸ அனுப்பிருக்காங்க?"

மேஸ்திரியும் மாராயி அக்காவும்

நாமக்கல்லில் இறங்கி அவர்களோடு நானும் மேஸ்திரியிடம் போனேன். தப்பு என்னுடையது, கோழி நாற்றம் வரவில்லை என்று நடந்ததை நடந்தபடி சொன்னேன். அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். இப்படி ஒரு காரணத்தை அவர் அதுவரை கேட்டதில்லை போலிருக்கிறது. ஆறு பேரையும் அனுப்பிவிட்டால் அந்த வாரம் தெருக் கூட்ட ஆள் கிடைக்காது என்பதால், எப்போதும் எல்லோருக்கும் சேர்த்து முன்னால் நின்று பேசுகிற மாராயி அக்காவை மட்டும் வேலையை விட்டு நிறுத்தினார். இன்னொரு நாள் பிந்தினால் மற்ற ஐந்து பேருக்கும் இதே கதி என்றார். திரும்பி வரும்போது மாராயி அக்கா ஜன்னல் ஓரமாக உட்கார்ந்திருந்தார். நான் அவர் பக்கம் போகவே இல்லை. வெட்கமாக இருந்தது. என்னால் ஒரு மனுஷியின் வேலை போயிற்று, இதை எப்படிச் சொன்னாலும் அதுதான் விஷயம்.

மறுநாள் காலையில், தை பிறக்கும் வரை முதல் நடையை நிறுத்திவிடுகிறேன், எருமப்பட்டி போய் வேறு பஸ் பிடித்துக்கொள்ளுங்கள் என்று சொல்வதற்காகத்தான் வண்டியை எடுத்து வரச் சொன்னேன். பனி முந்தின நாளைவிட மோசம். ஸ்டாப்பில் ஆறு பேர் நின்றார்கள். மாராயி அக்கா முதலில் ஏறி, டிரைவருக்குப் பக்கத்தில் இன்ஜின் மூடியின் மேல் உட்கார்ந்தார். நான் சொல்ல வந்ததைச் சொன்னேன். அவர் அதைக் காதில் வாங்கியதாகவே தெரியவில்லை. எங்கள் வண்டி வருவதற்கு முந்திப் பல வருஷம் அவர் மெயின் ரோடு வரைக்கும் இருட்டோடு நடந்தே போய் நாமக்கல் பஸ் பிடித்தவராம். எந்தப் பாலத்துக்கு அப்புறம் எத்தனை குழி என்பது அத்துப்படி. "போங்க சாமி. இப்ப ரெண்டு தடவ குலுக்கும், அப்பறம் பாலம், அதத் தாண்டுனதும் பிரிவு" என்று ஆரோக்கியசாமியிடம் சொன்னார். இரண்டு தடவை குலுக்கியது. பாலம் வந்தது. பிரிவும் வந்தது. ஐந்து ஐம்பதுக்கு நாமக்கல் போய்விட்டோம். ஐந்து பேர் இறங்கி ஓடினார்கள். அவர் மட்டும் இறங்கவில்லை.

"உங்களுக்குத்தான் வேலை இல்லையேக்கா, எதுக்கு வந்தீங்க?" என்று கேட்டேன். என் முகத்தைப் பார்க்காமல், ரோட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எனக்குப் போனது போச்சுங்க சாமி, அவுங்களுக்கும் போயிரப்படாதுல்லீங்க. நடைய நிறுத்த வேண்டாம். நீங்க மோப்பம் புடிச்சுப் பண்ணப் பிரிவுன்னு கூப்புடறத மட்டும் நிறுத்திப்போடுங்க, போதும்."

ஆகவே இந்தப் பனிக்காலம் முடிகிற வரைக்கும் வண்டி என் பேரில் ஓடும், ஆரோக்கியசாமி கையில் ஓடும், மாராயி அக்கா சொல்கிற பக்கம் திரும்பும்.