மாமா மிச்சம்பிடித்த மணல்

அக்கா வீட்டுக்காரர், அதாவது என் மாமா, விருத்தாசலத்தில் பீங்கான் அகல்விளக்கு செய்கிறவர். உடைந்த சரக்கைக்கூட வீசமாட்டார். வாசலில் சேறா, சில்லைக் கொட்டு. சுவரில் ஓட்டையா, சில்லை வைத்து அடை. அக்காவின் மூட்டுவலிக்கும் சில்லு வைத்திருப்பார், டாக்டர் முந்திக்கொண்டார்.

கார்த்திகை நெருங்கிக்கொண்டிருந்தது. பழைய சூளை படுத்துவிட்டது. புது மின்சாரச் சூளைக்குக் கரண்ட் வந்தால்தான் விளக்கு வேகும். தீபம் முடிந்த பிறகு அகல்விளக்கை யார் வாங்குவார்கள்? கரண்ட் கேபிள் பதிக்கிற மச்சான் நான் இருக்கிறேன் என்ற தைரியத்தில் மனிதர் ஊரெல்லாம் ஆர்டர் பிடித்துவிட்டார்.

ரோட்டுக் கம்பத்திலிருந்து கொட்டகை டிரான்ஸ்பார்மர் வரை பள்ளம் வெட்டி, மணல் பரப்பி, பதினோராயிரம் வோல்ட் கேபிளைப் படுக்கவைத்தேன். கல் குத்தாமலிருக்க மேலே போடவும் மணலைக் குவித்துவிட்டு, சாமான் வாங்கப் பெண்ணாடம் போனேன். திரும்பினால் பள்ளம் மூடியிருந்தது.

"ஒனக்கு எதுக்கு செரமம்னு நானே மூடிட்டேன் மச்சான்" என்றார் மாமா. அன்று ராத்திரி நல்ல மழை.

மறுநாள், கேபிளைச் சோதிக்கிற மெக்கர் மீட்டரை வைத்துப் பார்த்தேன். கேபிளின் மேலுறையில் பொத்தல் இருந்தால் ஈரமண் காட்டிக்கொடுத்துவிடும். முள் எழும்பவே இல்லை; எங்கேயோ பொத்தல்.

"கேபிள் மேல என்னத்த போட்டீங்க மாமா?"

"நம்ம சில்லுதான். நல்ல மணல போயி எவனாவது மண்ணுல பொதைப்பானா?"

மணல் கொட்டகைக்குப் பின்னால் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு சுகமாக இருந்தது.

வந்ததே எனக்குக் கோபம்! "பொண்ணு குடுத்த வூட்டு மேல காண்டுன்னா நேரா சொல்லிடுங்க!" என்று கத்திவிட்டேன். மாமா வேட்டியை மடித்துக் கட்டினார். பள்ளத்தில் இறங்கிக் கையாலேயே மண்ணை வாரினார். வாசல் கேட் பக்கம் ஒரு சில்லு உறையில் குத்தி நின்றது. அதைப் பிடுங்கித் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"வெந்திருக்கிறத பாரு மச்சான், முனைகூட மழுங்கல!"

அடிப்பதா சிரிப்பதா? சிரித்துத் தொலைத்தேன்.

நல்லவேளை, உள்ளே சேதமில்லை. உறைக்கு ஒட்டுப்போட்டு, சில்லையெல்லாம் வாரி மணலால் மூடினோம். மெக்கர் சரியாகக் காட்டியது. கடைசியாக, பெரிய வோல்டேஜ் ஏற்றிச் சோதிக்க வேண்டும். யாரும் கிட்டே வராமலிருக்கக் கயிறு கட்டி, மாமாவை அதற்கு அந்தப்பக்கம் நிறுத்தினேன். கையைக் கட்டிக்கொண்டு ஸ்கூல் பிள்ளை மாதிரி நின்றார். அதைப் பார்த்ததும் என் கோபமெல்லாம் போய்ப் பயம் பிடித்துக்கொண்டது. கேபிள் தாங்காவிட்டால் இந்த மனிதர் என்ன ஆவார்?

தாங்கியது.

"மாமா, ஆயிடுச்சி! நாளைக்கி கரண்டு வந்துடும்!"

நின்ற இடத்திலேயே உட்கார்ந்து, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். எனக்கும் கண் கலங்கிவிட்டது.

கொட்டகைக்குள்ளிருந்து அக்கா எட்டிப் பார்த்தாள். "அழுவுறத தீபம் கழிச்சி வச்சிக்கங்க. வெளக்கு அடுக்க ஆளு இல்ல, ரெண்டு பேரும் வாங்க!"