கல் வீட்டுக்குப் போயிருக்கிறது

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை, கொற்கைக்குக் கிளம்ப வேண்டிய பஸ் எங்கள் அருங்காட்சியக வாசலில் நின்றுகொண்டிருந்தது. எங்கள் பயணங்களுக்கு வருகிற உங்களில் பலர் அதில் ஏறி உட்கார்ந்திருந்தீர்கள். வழியனுப்ப நான் கேட் அருகே நின்றேன். மெர்சலின் அக்காவை மட்டும் காணவில்லை. எல்லாருக்கும் முன்பே வந்துவிட்டு, பிந்தி வருகிறவர்களைக் கேலி செய்கிறவர் அவர். இன்றைக்கு நம் முறை என்று யாரோ சொல்ல, பஸ் முழுக்கச் சிரிப்பு. அப்போதுதான் என் போன் அடித்தது. அக்காவின் மகள். "மாமா, அம்மா எந்திரிக்கவே இல்ல மாமா" என்றாள். நானும் பஸ்ஸில் ஏறிக்கொண்டேன். கொற்கைக்காகக் கட்டிய எலுமிச்சை சாதப் பொட்டலங்களோடு அந்த பஸ் மாப்பிள்ளையூரணியில் அவர் வீட்டு வாசலில் போய் நின்றது.

பழைய உப்புக் கிடங்கில் நடக்கும் எங்கள் அருங்காட்சியகத்தில் அவர் வழிகாட்டி, நான் சேமிப்பறைப் பொறுப்பாளன். பொருள்களை ஜனங்களிடம் கொண்டுபோவது அவர் வேலை. ஜனங்களிடமிருந்து பொருள்களைக் காப்பாற்றுவது என் வேலை. இரண்டும் ஒரே கூரைக்கு அடியில் எப்படிச் சமாதானமாக இருக்கும்? இத்தனை வருடத்தில் நாங்கள் சண்டை போடாத வாரம் இருந்திருக்காது. சண்டை முடிந்ததும் டீ வாங்கித் தருவது எப்போதும் அவர்தான். அதிலும் எனக்குச் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்லிவிடுவார். யாரைக் கேட்டுச் சொன்னார் என்று இன்றுவரை தெரியாது.

எந்தப் பொருளுக்கும் விளக்கப் பலகை எழுதினால், அதை முதலில் வாசலில் டீக்கடை போட்டிருக்கும் அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டுவார். ஆவுளியா எலும்புக்கூட்டுக்கு நான் எழுதிக் கொடுத்ததைக் கேட்டுவிட்டு அண்ணாச்சி, "எம்மா, இது கடல்பசுவா, கோர்ட்டு நோட்டீஸா?" என்றார். அக்கா அதை என்னிடம் வந்து சொல்லிச் சொல்லிச் சிரித்தார். திருத்தி எழுதினேன். "போர்டுல பெரிய வார்த்தை இருந்தாக்கூடப் போவுது, பொய் மட்டும் இருக்கக் கூடாதுலே மணி" என்பார். பாராட்டாகவும் எச்சரிக்கையாகவும் அதே வாக்கியத்தையே சொல்வார்.

முதல் கொற்கைப் பயணத்தை நினைத்தால் இப்போதும் சிரிப்பு வருகிறது. 'கொற்கைத் துறைமுகம் பார்க்கப் போகிறோம்' என்று அறிவிப்பு ஒட்டியிருந்தோம். அதை நம்பி, வளைகுடாவிலிருந்து விடுப்பில் வந்திருந்த காயல்பட்டினத்துக்காரர் ஒருவர் துண்டு, மாற்றுத்துணி, குழந்தைகளுக்குக் காற்றடித்த டியூப் எல்லாவற்றோடும் குடும்பமாக வந்துவிட்டார். பஸ் வாழைத் தோட்டத்துக்கும் நெல்வயலுக்கும் நடுவே நின்றது. அவர் இறங்கிச் சுற்றும்முற்றும் பார்த்தார். "டீச்சர், கடலு எங்கன இருக்கு?" என்று கேட்டார். அக்கா முகத்தில் ஒரு சுளிப்பும் இல்லை. "அது போயி ரொம்ப நாளாச்சு. நாமதான் லேட்டு" என்றார். பிறகு எல்லாரையும் செருப்பைக் கழற்றச் சொல்லி வரப்பில் நடக்கவிட்டார். கடல் இல்லாத மண்ணில் சிப்பித் துண்டைக் கண்டதும் டியூப்போடு வந்த குழந்தைகளின் முகம் மாறியதை நான் பார்த்தேன். ஆனாலும் அக்காவுக்கு மனம் ஆறவில்லை. "ஆசை காட்டிக் கூட்டியாந்துட்டோம்லா" என்று சொல்லி, பஸ்ஸைக் கடலோரப் புன்னைக்காயலுக்கு விடச்செய்து, குழந்தைகள் கால் நனைத்த பிறகுதான் திரும்பினார்.

அந்தக் கல்லைப் பற்றிச் சொல்லாமல் அவரைப் பற்றிச் சொன்னதாகாது. முத்துக்குளிக்கப் போனவர்கள் காலுக்குப் பாரமாகக் கொண்டு இறங்கும் கல் அது. அந்தோணியம்மாள் என்பவர் தன் அப்பா குளித்த கல்லை எங்களிடம் கொடுத்தபோது ஒரே ஒரு நிபந்தனை போட்டார். ஒவ்வொரு வருடமும் அப்பாவின் நினைவு நாளுக்குக் கல் வீட்டுக்கு வர வேண்டும். படத்துக்கு முன்னால் வைத்து ஜெபம் சொல்லிவிட்டுத் திருப்பித் தந்துவிடுவோம் என்றார். காட்சிக்கு வைத்த பொருள் வெளியே போவதா என்று நான் குதித்தேன். அக்கா சரி என்று தலையாட்டிவிட்டார். முதல் நினைவு நாளன்று கண்ணாடிப் பெட்டிக்குள் அவர் கையால் எழுதிய பலகை இருந்தது: 'கல் வீட்டுக்குப் போயிருக்கிறது. நாளை வந்துவிடும்.'

மறுநாள் வந்தது. நீல நிறத்தில், மஞ்சள் கரை போட்டுப் பளபளவென்று வந்தது. எனக்கு மயக்கம் வராத குறை. அந்தோணியம்மாள் பெருமையோடு நின்றார். "அப்பா நாளும் அதுவுமா கல்லு கருகருன்னு இருந்துச்சு. வள்ளத்துக்கு அடிச்ச பெயிண்டு மிச்சம் கெடந்துச்சு, தம்பி அடிச்சுட்டான். நல்லாருக்குல்லா?" அக்கா சிரிப்பை அடக்க முடியாமல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டார். அவர்கள் போன பிறகு என்னிடம், "தொடைச்சா போயிருமாலே?" என்று கேட்டார். தின்னர் வைத்தால் சுத்தமாகப் போய்விடும் என்றேன். "போயிரும்லா? அப்ப இருக்கட்டும். வீட்டுக்குப் போயிட்டு வந்த புள்ள புதுச்சட்டை போட்டுட்டு வந்துருக்கு" என்றார். கொதித்துப்போன நிர்வாகியிடம், "சார், கேட்டு வாங்கிட்டுப் போக ஆள் இருக்கிற பொருள் நமக்குக் கிடைச்சதே பெரிசு" என்று சொல்லி அவரையும் அடக்கினார். பலகையில் எழுதினார்: 'கல் பழையது. நீலப் பெயிண்ட் அந்தோணியம்மாள் வீட்டில் அடித்தது.'

முத்துக்குளிக்கிறவர் இறங்கினால் தோணியில் கயிறு பிடிப்பது பெரும்பாலும் மச்சான்தான். தங்கச்சி புருஷனின் உயிரை எந்த அண்ணன் கைவிடுவான் என்ற கணக்கு. பயணத்துக்குக் கிளம்பும்போதெல்லாம் அக்கா என்னிடம் சாவியை நீட்டி, "நான் எறங்குதேன், கயிறு உங்கையில" என்பார். அந்த ஞாயிற்றுக்கிழமை அதைச் சொல்ல அவர் வரவில்லை.

இந்த வருடம் அந்தோணியம்மாள் அப்பாவின் நினைவு நாள் வந்தபோது அக்கா இல்லை. நிர்வாகி என்னைக் கூப்பிட்டார். அவர் கெட்டவர் அல்ல, ஏதாவது ஒன்று தொலைந்தால் பதில் சொல்ல வேண்டியவர். "அவங்க இருந்தாங்க, பாத்துக்கிட்டாங்க. இனிமே இதெல்லாம் வேண்டாம் மணி. ரூல்ஸ்ல இல்ல" என்றார். இத்தனை வருடம் நான் பேசிய பேச்சு அது. அவர் வாயால் கேட்டபோது எனக்குப் பிடிக்கவில்லை. "சார், கொடுத்த வாக்கு அக்காவோட போயிருச்சுன்னு அந்த அம்மா முகத்தப் பாத்து நான் சொல்ல மாட்டேன். நானே கொண்டுபோய் நானே கொண்டுவாரேன்" என்றேன். கடைசியில் அவர், "பத்திரம்" என்றார்.

ஸ்கூட்டரில் காலடியில் கல்லை வைத்துக்கொண்டு போனேன். அந்தோணியம்மாள் வீட்டில் அவருடைய அப்பா படத்துக்குப் பக்கத்தில் மெர்சலின் அக்காவின் படமும் இருந்தது. நம் பயணம் ஒன்றில் எடுத்தது, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிச் சிரிக்கிறார். இரண்டு படத்துக்கும் முன்னால் கல்லை வைத்தேன். அழக் கூடாது என்று நினைத்திருந்தேன், முடியவில்லை.

மறுநாள் எடுத்துவரப் போனபோது, நீலத்தின்மேல் வெள்ளை பெயிண்டில், வள்ளங்களுக்குப் பெயர் எழுதும் கொழுத்த எழுத்தில், 'மெர்சலின்' என்று இருந்தது. நிர்வாகி பெட்டியருகே வந்து அதைப் பார்த்தார். "தொடைச்சா போயிருமா மணி?" என்று கேட்டார். போகாது சார் என்றேன். பலகையில்தான் பொய் கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார், வாயைப் பற்றி அவர் எதுவும் சொன்னதில்லை.

அக்கா எழுதிய 'கல் வீட்டுக்குப் போயிருக்கிறது' பலகையும் அவர் சாவியும் இப்போது என்னிடம் இருக்கின்றன. அடுத்த வருடமும் கல்லை நான்தான் கொண்டுபோவேன். பழைய விளக்கத்துக்குக் கீழே ஒரு வரி சேர்க்க வேண்டியிருந்தது. எழுதி, டீக்கடை அண்ணாச்சியிடம் வாசித்துக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை, தோள் துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். அதனால் திருத்தாமல் அப்படியே வைத்துவிட்டேன்: 'வெள்ளை எழுத்தில் இருப்பது எங்கள் அக்காவின் பெயர்.'