அவள் தாலியும் என் கழுத்தும்

தாலி போட்டுக்கொள்வதில் எனக்குப் பெரிய ஈடுபாடு கிடையாது. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் பேசி முடித்துவிட்டேன். வீட்டுப் பெரியவர்களுக்காக ஒரு வாரம் போட்டுக்கொள்வேன், அப்புறம் அது பீரோவுக்குள் போய்விடும். அவரும் சரி என்றார். அவர் எதற்குத்தான் சரி சொல்லவில்லை?

குன்றத்தூர் மலைக்கோயிலில் கல்யாணம். முகூர்த்த நாளில் அங்கே எந்தப் பெண் எந்த மாப்பிள்ளைக்கு என்பதை மாலையைப் பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். எங்களுக்கு இந்தப் பக்கம் ஒரு ஜோடி, அந்தப் பக்கம் ஒரு ஜோடி. தாலியை மஞ்சள் கயிற்றில் கோத்து, தேங்காய் மேல் சுற்றி, வந்தவர்கள் எல்லாரும் தொட்டு ஆசீர்வதிக்கத் தட்டில் எடுத்து வருவார்கள் இல்லையா, அந்த வேலையை என் அத்தை கேட்டு வாங்கிக்கொண்டார். போகிற வழியில் தெரிந்தவர் ஒருவரைப் பார்த்துவிட்டார். பேச்சு சுவாரசியத்தில் தட்டைக் கீழே வைத்தார், பேசி முடித்துவிட்டு எடுத்தார். எடுத்தது பக்கத்து ஜோடியின் தட்டு.

மலையிறங்கி மண்டபத்தில் சாப்பிட உட்கார்ந்த பிறகுதான் அம்மா கவனித்தார். எங்கள் வீட்டுத் தாலியில் இரண்டு தகடு. என் கழுத்தில் தொங்கியதில் ஒரே தகடு, நடுவில் சிவப்புக் கல். அம்மா போட்ட சத்தத்தில் பந்தி முழுக்க திரும்பிப் பார்த்தது. "மேளச் சத்தத்துல எனக்கு ஒண்ணுமே ஓடல" என்று அத்தை மேளக்காரர்கள் தலையில் பழியைப் போட்டார். எனக்கு வந்த கோபத்தில் பாயசம்கூட இறங்கவில்லை.

கல்யாணத்துக்குப் பதிவு செய்த நோட்டைப் பார்த்து, கோயில் அலுவலகத்தில் அவர்கள் நம்பரைத் தந்தார்கள். அவர்கள் அதற்குள் ஈசிஆர் பக்கம் இருக்கும் தங்கள் குப்பத்துக்குப் போய்விட்டிருந்தார்கள். கூரைப் புடவையோடும் மாலையோடும் நாங்கள் காரில் கிளம்பினோம். பல்லாவரம் தாண்டும்வரை ஒன்றுமில்லை. மேடவாக்கத்தில் ஒரு தண்ணீர் லாரிக்குப் பின்னால் மாட்டிக்கொண்டோம். கல்யாணத்தன்று நான் அதிக நேரம் பார்த்தது மாப்பிள்ளை முகத்தை அல்ல, அந்த லாரியின் பின்பக்கத்தைத்தான்.

அந்தப் பெண் என்னைவிட ஆறேழு வயது சின்னவள். அவள் புருஷன் ஃபைபர் போட்டில் மீன் பிடிக்கப் போகிறவர். அவர்கள் வீட்டுக்குள் போய் நான் உட்காரக்கூட இல்லை. "கழட்டி மாத்திக்கிட்டா ரெண்டு நிமிஷ வேலை" என்றேன். அவள் முகம் செத்துவிட்டது.

அவள் மாமியார் முன்னால் வந்தார். "கட்டுன அன்னிக்கே கயட்டுறதா? என் புள்ள கடலுக்குப் போறவன்மா."

அம்மாவும் அந்தப் பக்கம் சேர்ந்துகொண்டார். கடைசியில் ஒரு முடிவுக்கு வந்தார்கள். எப்படியும் மூன்றாம் மாதம் கயிற்றிலிருந்து தாலியைப் பிரித்துச் சங்கிலியில் கோக்க வேண்டும். அன்றைக்கு இரண்டு குடும்பமும் அதே மலைக்கு வந்து மாற்றிக்கொள்வது. அதுவரை கழுத்தில் இருப்பது அப்படியே இருக்கட்டும்.

கிளம்பும்போது அந்தப் பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உங்களுத நான் பத்திரமா பாத்துக்கிறேன். என்னோடது உங்களாண்ட கீது. அவரு கடல்ல கீற ஆளு. குளிக்கசொல்லகூட கயட்டிடாதீங்கக்கா."

ஒரு வாரக் கணக்குப் பேசிய நான் சரி என்று தலையாட்டினேன். காரில் அவர் சிரிப்பை அடக்கிக்கொண்டு வந்தார். வாயைத் திறந்தால் தெரியும் சேதி என்றேன்.

தாம்பரத்திலிருந்து தினமும் ரயிலில் ஆபீஸ் போகிறவள் நான். கூட்டம், வியர்வை, மஞ்சள் கயிறு. இருபது நாளில் கழுத்தைச் சுற்றி அரிப்பு வந்துவிட்டது. தோல் டாக்டர் ஒரே வரியில் வைத்தியம் சொன்னார்: "கயித்தைக் கழட்டிடுங்க." முடியாது டாக்டர், வேறு ஏதாவது கொடுங்கள் என்றேன். என்னைப் பார்த்தால் படித்தவள் மாதிரி இருக்கிறதே என்று யோசித்திருப்பார். பூசிக்கொள்ள ஒரு களிம்பு எழுதித் தந்தார்.

அந்தப் பெண்ணின் புருஷன் கடலுக்குப் போகும் நாளெல்லாம் காலை ஆறு மணிக்கு அவளிடமிருந்து போன் வரும். "கழுத்துல கீதுல்லக்கா?" இருக்கு என்பேன். வைத்துவிடுவாள். முதலில் எரிச்சலாக இருந்தது. போகப் போக, ஆறு மணிக்கு போன் வராவிட்டால் இன்றைக்கு அவர் போகவில்லை போலிருக்கிறது என்று நிம்மதியாகக் காபி போடுவேன்.

இரண்டாம் மாதக் கடைசியில் ஒரு நாள் மத்தியானம் ஆபீசுக்கு போன் செய்தாள். "காத்து ஜாஸ்தியா கீதுக்கா. கூடப் போன போட்டெல்லாம் வந்துட்ச்சி. இவரு மட்டும் வரல. அக்கா, கழுத்துல..." முடிக்க முடியாமல் அழுதாள்.

"இருக்கும்மா. கையில பிடிச்சுக்கிட்டுதான் இருக்கேன்" என்றேன். சொன்ன பிறகுதான் பிடித்தேன்.

ஒரு குண்டுமணித் தங்கம் காற்றை நிறுத்தாது என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் கையை எடுக்க முடியவில்லை. ஒரு கையால் கம்ப்யூட்டரைத் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பயமாக இருந்தது. மூன்று மணிக்கு மேல் போன் வந்தது. இன்ஜின் நின்று போய், வேறொரு போட்டு கட்டி இழுத்துக்கொண்டு வந்ததாம். "வந்துட்டாருக்கா" என்றாள். ஒரே ஒரு தடவை பார்த்த மனுஷனுக்காக ஆபீஸ் பாத்ரூமில் நின்று அழுதேன்.

மூன்றாம் மாதம் சொன்னபடி எல்லாரும் மலைக்கு வந்தார்கள். என்னையும் அவளையும் எதிரெதிரே உட்கார வைத்தார்கள். அவள் மாமியார் என் பின்னால் வந்து கயிற்று முடிச்சில் கை வைத்தார். அரிப்பு போகும், பீரோவுக்குள் வைத்துப் பூட்டலாம், இந்த நாளுக்குத்தான் காத்திருந்தேன். ஆனால் என் கை போய் அவர் கையைப் பிடித்துக்கொண்டது.

"இருங்கம்மா. உங்க பையன் இன்னைக்குக் கடலுக்குப் போயிருக்காரா?"

அவள் சிரித்துவிட்டாள். "தோ, தூணாண்ட புளியோதர துன்னுகினு கீறாரு பாருங்கக்கா."

திரும்பினேன். தொன்னையும் கையுமாக நின்றிருந்தார். தரையில்தான் நிற்கிறார் என்று நன்றாகப் பார்த்துக்கொண்ட பிறகு கழுத்தைக் குனிந்து கொடுத்தேன்.