வெள்ளவத்தையில் கூடிய கிணற்றுக் கூட்டம்

எங்கள் ஊர்த் தோட்டக் கிணற்றுக்கு ஐந்து பங்கு. நாலு பங்குக்காரருக்குக் கொழும்பில் கந்தோர் உத்தியோகம். ஐந்தாவது பங்கு என் அக்காவுடையது. அவளும் அத்தானும்தான் எல்லாருடைய காணியையும் குத்தகைக்குச் செய்தார்கள். ஆகவே கிணற்றைப் பற்றிய கூட்டம் கொழும்பு வெள்ளவத்தையில், எங்கள் வீட்டு விறாந்தையில் நடந்தது. அக்காவுக்கு அழைப்பில்லை. எங்கள் பங்கு என்னுடைய சீதனம். அதனால் என் கணவர் பங்குக்காரர்.

உலக யுத்தம் முடிந்து புறக்கோட்டைக் கடைகளுக்குத் தண்ணீர் இறைக்கும் இஞ்சின் வந்திருந்தது. ஒன்று வாங்கிப் பூட்டினால் தரிசையும் தோட்டமாக்கலாம், குத்தகையும் கூடும் என்பது யோசனை. எங்கள் ஊரில் நல்ல தண்ணீர் உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லியதாக நிற்கிறது. காலையில் இறைத்தால் பின்னேரம் கிணற்றைத் தொடாமல் ஊறவிட வேண்டும். பக்கத்து ஊரில் இஞ்சின் பூட்டிய கிணற்று நீரை இப்போது மாடுகூடக் குடிப்பதில்லை. இதைக் கதவடியில் நின்று இரண்டு தரம் சொன்னேன். கடற்கரை ரயில் போய் முடியும்வரை பொறுத்திருந்து, கொட்டாஞ்சேனைப் பங்குக்காரர் என் பக்கம் திரும்பினார்.

"பிள்ளை, தேத்தண்ணி போடும்."

போட்டேன். சீனிக்குப் பதிலாக உப்பு.

மரியாதையான மனிதர்கள். ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. பாமன்கடைப் பங்குக்காரர் நல்ல சாயம் என்றார். கோப்பைகளை வெறுமையாக்கி, இஞ்சின் வாங்குவதென்று ஏகமனதாக முடிவு செய்து எழுந்து போனார்கள்.

"இஞ்சாரும், தேத்தண்ணியிலை உப்பெல்லோ?" என்றார் என் கணவர்.

"ஓம்."

"ஏன்?"

"உங்கடை இஞ்சின் வந்தா அக்கா ஒவ்வொரு நாளும் உந்த உப்புத் தண்ணியைத்தான் குடிக்கவேணும். நீங்களும் ஒருக்காக் குடிச்சுப் பாருங்கோ எண்டுதான்."

மறுநாள் கந்தோர் விட்டதும் அவர் மற்ற மூவரிடமும் போய், தனக்குச் சம்மதமில்லை என்றார். ஒரு பங்கு மறுத்தால் கிணற்றில் யாரும் கைவைக்க முடியாது. அதற்குப் பிறகு அவர்கள் எங்கள் வீட்டில் பச்சைத் தண்ணீரும் குடிக்கவில்லை. எனக்குப் பெரிய சந்தோஷம்.

ஆடிவேல் திருவிழா பார்க்க ஊரிலிருந்து அக்கா வந்தாள். பெட்டியைக்கூட இறக்கி வைக்கவில்லை.

"இஞ்சினை மறிச்சது நீயாம்?"

"ஓம் அக்கா," என்றேன் பெருமையாக.

"அத்தானுக்கு முழங்கால் ஏலாமப் போச்சு. இப்ப துலாவிலை ஏறி மிதிக்கிறது நான்."

ஒருவர் துலாமரத்தின் மேல் முன்னும் பின்னும் நடந்தால்தான் தண்ணீர் அள்ளும் பட்டை கிணற்றுக்குள் இறங்கி ஏறும். பெண்கள் ஏறுகிற வேலை இல்லை அது.

"இஞ்சின் வந்தா தண்ணி உப்பாப் போகுமெல்லோ?"

"எனக்குத் தெரியாதோ? தண்ணி உப்பாகிறது நாளைக்கு. கால் நோகிறது இண்டைக்கு."

அவளுடைய வீங்கின பாதங்களைப் பார்த்தேன். அழுகை வந்தது.

பேப்பருக்குப் பின்னால் இருந்த என் கணவர் அதை மடித்து வைத்தார். ஏணியில் ஏறினாலே தலை சுற்றுகிற மனிதர். அக்கா திரும்பிய ரயிலில் அவரும் போனார். கூலிக்கு ஆள் கிடைக்கும்வரை லீவெடுத்துக்கொண்டு தினமும் காலையில் துலாவில் ஏறினார்; அக்கா கீழே நின்று, "கண்ணைத் திறந்து மிதியுங்கோ," என்று வைதபடி பட்டையைப் பிடித்தாளாம். கொழும்புப் பங்குக்காரர் ஒருவர் அந்தக் கிணற்றில் தண்ணீர் இறைத்தது அதுதான் முதல் தடவை.